ரீச்சரிட்டக் கேளுங்கோ: கொப்பியை மூடிப்போட்டுச் செய்யுங்கோ

இந்த முறை வந்த கடிதங்களில பாதிக்கு மேல ஓ/எல், அதாவது 11ம் தரம் முடிய எடுக்கிற சாதாரண தரச் சோதனைக் கணக்குத்தான். சோதனை கிட்டக்கிட்ட எனக்கு உப்பிடித்தான் வரும். எல்லாத்துக்கும் தனித்தனியா எழுத இடம் காணாது, அதால ஒரே மாதிரி இருந்ததுகளைச் சேர்த்து ஆறு கேள்வியா எடுத்திருக்கிறன். இன்னொரு விசயம், அச்சுக்கு வசதியா இருக்கட்டும் எண்டு படங்களுக்கு தமிழ் எழுத்துப் போட்டிருக்கிறன், நீங்கள் பேப்பரில வழமை மாதிரி இங்கிலிசு எழுத்துத்தான் போடோணும்.

கேள்வி: ரீச்சர், நான் 11ம் தரம். ரியூசனில சேர் போட்டில (கரும்பலகையில) கணக்குச் செய்யேக்க எனக்கு எல்லாம் விளங்குது, அடுத்த வரி என்ன வரும் எண்டு கூடச் சொல்லுவன். வீட்டை வந்து அதே மாதிரிக் கணக்கை எடுத்தா ஒண்டும் வருகுதில்லை. கொப்பியைத் திறந்து பாத்தா "அட இதுதானே" எண்டு இருக்கு. எனக்கு மூளை காணாதோ? (மாணவி, விசுவமடு)

பதில்: மூளை காணும் பிள்ளை, உமக்குக் காணாதது மூளை இல்லை. சேர் போட்டில செய்யேக்க அடுத்த வரி எது எண்டு தீர்மானிக்கிறது சேர், உம்மட கண் அவருக்குப் பின்னால போகுது, அவ்வளவுதான். வீட்டில கொப்பியைத் திறந்து "இதுதானே" எண்டு சொல்லேக்கயும் அந்தத் தீர்மானத்தை எடுத்தது கொப்பி, நீர் இல்லை. சோதனை மண்டபத்தில வெறும் தாள்தான் இருக்கும், அங்க முதல் வரியை எழுதுறதுக்கு ஒருத்தரும் வரமாட்டினம். விளங்கிறது வேற, தனிய கை போட்டுச் செய்யிறது வேற. ரெண்டாவதைத்தான் நீர் பழகேல்லை.

ஒரு கணக்கை வச்சுச் சொல்லுறன். 6எக்ஸ்² − 7எக்ஸ் − 3 எண்டதைக் காரணிப்படுத்தச் சொல்லி வருது எண்டு வைப்பம். கொப்பியை மூடும். எடுத்து அடுத்த அறையில வையும், பக்கத்தில இருந்தா கை போகும். இப்ப யோசியும், முதல் உறுப்பின்ர குணகத்தையும் கடைசி உறுப்பையும் பெருக்கினா −18. பெருக்கினா −18 வரோணும், கூட்டினா −7 வரோணும், அப்பிடி ரெண்டு இலக்கம் என்ன? 6உம் 3உம் எண்டு முதல்ல ஓடும், கூட்டினா சரிவராது. 9உம் 2உம். −9, +2. அப்ப நடு உறுப்பைப் பிரிச்சு 6எக்ஸ்² − 9எக்ஸ் + 2எக்ஸ் − 3, ரெண்டு ரெண்டாச் சேர்த்தா 3எக்ஸ்(2எக்ஸ் − 3) + 1(2எக்ஸ் − 3), விடை (3எக்ஸ் + 1)(2எக்ஸ் − 3). திருப்பிப் பெருக்கிப் பாரும், பழைய கோவை வந்தா சரி, ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவையில்லை.

எங்கயாவது நிண்டுபோனா, ஒரு பத்து நிமிசம் நிண்டுகொண்டே இரும். அந்தப் பத்து நிமிசம் வீண் எண்டு நினைக்காதையும், படிப்பு நடக்கிறதே அங்கதான். அதுக்குப் பிறகும் வரேல்லை எண்டா கொப்பியைத் திறந்து ஒரே ஒரு வரி பாரும், நிண்ட இடத்துக்கு அடுத்த வரி மட்டும், பாத்திட்டு மூடிப்போட்டு மிச்சத்தை நீர் செய்யும். அப்பிடிப் பாத்துச் செய்த கணக்குக்குப் பக்கத்தில சிவப்புப் பேனையால ஒரு புள்ளி போடும். நாளைக்குத் திருப்பி முதல் வரியில இருந்து, மூண்டு நாள் கழிச்சு ஒருக்கா, அடுத்த கிழமை ஒருக்கா. ஒண்டும் பாக்காமல் வந்த அண்டைக்குத்தான் அந்தப் புள்ளியை வெட்டலாம். இருபது கணக்கை ஒருக்காச் செய்யிறதை விட ஏழு கணக்கை மூண்டு தரம் செய்யிறது பிரயோசனம் எண்டு நான் என்ர பிள்ளையளுக்கு எப்பவும் சொல்லுறனான்.

இதை நான் ஒரு இடத்திலயும் வாசிச்சுப் படிக்கேல்லை. 96ல கிளிநொச்சியில இருந்து எல்லாரும் இடம்பெயர்ந்து போகேக்க நாங்கள் மல்லாவிப் பக்கம் போய் இருந்தனாங்கள், எனக்கு அப்ப ஓ/எல் வயசு. கொப்பி தாள் ஒண்டும் லேசில கிடைக்காது, மண்ணெண்ணெயும் அப்பிடித்தான், ஜாம் போத்தல் விளக்கில திரியை இறக்கி இறக்கிப் படிச்ச காலம். எங்களுக்குப் படிப்பிச்ச சேர் ஒரு பாலை மரத்துக்குக் கீழ மணலைப் பரவி, கணக்கை ஒருக்காச் செய்து காட்டிப்போட்டு, உடன கையால அழிச்சு விட்டிடுவார். பிறகு நாங்கள் ஒவ்வொருத்தரா வந்து அந்த மணலில அதே கணக்கைச் செய்யோணும். கவராயம் இல்லை, ரெண்டு ஈர்க்குக்கு நடுவில நூலைக் கட்டி வட்டம் கீறினனாங்கள். பாத்து எழுத ஒண்டும் இல்லாததால கணக்கு தலைக்குள்ள இருக்கவேண்டி வந்திட்டுது. இண்டைக்கு உங்களிட்ட கொப்பி, போன், வீடியோ எல்லாம் இருக்கு, அது நல்லது, ஒரு பிள்ளையும் திரும்ப அந்தக் கஸ்ரத்தில படிக்கக்கூடாது, ஆனா அந்த அழிச்சுப்போட்டுத் திரும்பச் செய்யிற வேலையை மட்டும் விட்டிடாதையுங்கோ.

இன்னுமொண்டு, பிழைக்கெண்டு தனியா ஒரு சின்னக் கொப்பி வையும். முழுக் கணக்கையும் எழுதத் தேவையில்லை, உடைஞ்ச வரி மட்டும் காணும். நான் திருத்திற கொப்பியளில அடிக்கடி காணுறது இது: 3/(எக்ஸ் − 1) − 2/(எக்ஸ் + 2) எண்ட அட்சரகணிதப் பின்னம். பொதுப் பகுதி எடுத்து மேல 3(எக்ஸ் + 2) − 2(எக்ஸ் − 1) எண்டு எழுதுறது மட்டும் எல்லாரும் சரி. அடுத்த வரியில 3எக்ஸ் + 6 − 2எக்ஸ் − 2 எண்டு எழுதிப்போட்டு எக்ஸ் + 4 எண்டு முடிச்சு விடுவினம். −2ஐயும் −1ஐயும் பெருக்கினா +2, அப்ப மேல வாறது எக்ஸ் + 8. இந்த ஒரு குறி, அடைப்புக்கு முன்னால நிக்கிற கழித்தல் குறி, எத்தினை பிள்ளையளின்ர புள்ளியைக் கொண்டு போகுது தெரியுமே. உம்மட பிழைக் கொப்பியில அந்த வரி நாலு தரம் வந்தா, உமக்குப் பின்னம் தெரியாது எண்டு அர்த்தமில்லை, அடைப்பை நீக்கேக்க அவசரப்படுறீர் எண்டு அர்த்தம். எதைத் திருத்தோணும் எண்டு அப்பதான் தெரியும்.

கேள்வி: ரீச்சர், என்ர மகன் போனமுறை கணக்கில டபிள்யூ (பெயில்), மற்றப் பாடங்கள் பரவாயில்லை. திரும்ப எடுக்கப் போறான். ரியூசனுக்கு விட இப்ப வசதி இல்லை, அவற்ற அப்பா கூலி வேலைதான். வீட்டில இருந்து படிச்சுப் பாஸ் பண்ண ஏலுமோ? (தாய், ஒட்டுசுட்டான்)

பதில்: ஏலும் அக்கா. உங்களுக்குக் கணக்குப் பேப்பர் எப்பிடி அமைஞ்சிருக்கு எண்டதை முதல்ல சொல்லுறன், அது தெரிஞ்சா பயம் அரைவாசி போயிடும். பேப்பர் ரெண்டு. முதல் பேப்பர் ரெண்டு மணித்தியாலம், அதில ஏ பகுதியில சின்னக் கேள்வி 25, ஒண்டுக்கு 2 புள்ளிப்படி 50. பி பகுதியில 5 கேள்வி, ஒண்டுக்கு 10, அதுவும் 50. ரெண்டாம் பேப்பர் மூண்டு மணித்தியாலம், ஏ பகுதியில ஆறில அஞ்சு, பி பகுதியில ஆறில அஞ்சு, எல்லாம் 10 புள்ளிக் கேள்வி, 100. மொத்தம் 200, அதை ரெண்டால பிரிக்கிறது. எஸ், அதாவது சாதாரண பாஸ், எடுக்க 35 வேணும், அப்ப 200க்கு 70.

இப்ப பாருங்கோ, சின்னக் கேள்வியில 18 சரியெண்டா 36. முதல் பேப்பர் பி பகுதியில அரைவாசி எடுத்தா 25, மொத்தம் 61. ரெண்டாம் பேப்பரில இன்னும் 9 புள்ளி போதும், அங்க ஒரு வரைபுக் கேள்வியை ஒழுங்காச் செய்தாலே வந்திடும். நான் இதை 35ஓட நிண்டா காணும் எண்டு சொல்லேல்லை, மகனுக்கு முதல்ல "இது எட்டுற உயரம்தான்" எண்டு தெரியோணும், ஒருக்காப் பெயில் விட்ட பிள்ளை கொப்பியைத் திறக்கவே கூசும், அதுக்காகச் சொல்லுறன். கிட்ட வந்தாப் பிறகு தானா மேல பாக்கும்.

புத்தகம் காசு குடுத்து வாங்கத் தேவையில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இலவசமாக் குடுக்கிற 10ம் தரம், 11ம் தரம் கணிதப் புத்தகங்கள் பகுதி பகுதியா இருக்கும், வீட்டில இல்லையெண்டா பக்கத்தில போனமுறை எடுத்த பிள்ளையளிட்டக் கேளுங்கோ, கட்டாயம் ஒரு வீட்டில பெட்டிக்குள்ள கிடக்கும். அதில ஒவ்வொரு பாடத்திலயும் செய்து காட்டின உதாரணக் கணக்குகள் இருக்கு. உதாரணத்தை ஒரு தாளால மூடிப்போட்டு, கேள்வியை மட்டும் பாத்து அவர் செய்யட்டும், பிறகு தாளை வரி வரியாக் கீழ இறக்கி ஒப்பிட்டுப் பாக்கட்டும். ரியூசனில நடக்கிறதை விட இது நல்லது எண்டு கூட சில நேரம் நான் நினைக்கிறனான். பழைய பேப்பர்களை ரெண்டாவதா எடுக்கட்டும், முதல்ல நேரம் பாக்காமல், சோதனைக்கு ஒரு மாசம் இருக்கேக்க மணிக்கூட்டை வச்சு.

உங்களுக்கு ஒரு வேலை தாறன் அக்கா, உங்களுக்குக் கணக்குத் தெரியத் தேவையில்லை. இரவு சமையல் முடிஞ்சு இருக்கேக்க, இண்டைக்குச் செய்த ஒரு கணக்கை உங்களுக்கு வாயால சொல்லச் சொல்லுங்கோ, ஒவ்வொரு வரிக்கும் "ஏன் தம்பி அப்பிடி?" எண்டு மட்டும் கேளுங்கோ. அவர் எங்க தடுமாறுறாரோ அந்த இடம்தான் விளங்காத இடம்.

கேள்வி: போனில கணக்கைப் படம் எடுத்துப் போட்டா விடையும் வழியும் வருது ரீச்சர். அதில பாத்துப் பழகினா பிழையோ? (மாணவன், நெடுங்கேணி)

பதில்: செய்து முடிச்சாப் பிறகு விடை சரியோ எண்டு பாக்கப் பாவியும், செய்ய முதல் தொடாதையும். கல்குலேட்டரும் அப்பிடித்தான், ஓ/எல் கணக்குப் பேப்பருக்கு அது கொண்டு போக ஏலாது, மடக்கை (லொக்) அட்டவணைதான் தருவினம். வீட்டிலயும் அந்த அட்டவணையைக் கையில எடுத்துப் பழகும், வரிசையும் நிரலும் மாறிப் பாக்கிறது சோதனை அண்டைக்குத்தான் நடக்கும், அதுவும் முதல் தரம் திறக்கிற பிள்ளைக்கு.

கேள்வி: வணக்கம் ரீச்சர். நான் மேசன் வேலை செய்யிறனான், எட்டாம் வகுப்போட நிண்டிட்டன். மகள் பத்தாம் தரம், "இந்தக் கேத்திரகணிதம் எல்லாம் ஆருக்கு அப்பா உதவும்" எண்டு கேட்டு அழுறாள். எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. (தகப்பன், தர்மபுரம்)

பதில்: அண்ணை, உங்கட கடிதத்தை நான் ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன். நீங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் அத்திவாரம் வெட்ட முதல் செய்யிறது என்ன? மூலை மட்டம் எடுக்கிறது. மூலையில ஒரு கட்டை அறைஞ்சு ஆணி அடிச்சு நூலைக் கட்டி, ஒரு பக்கம் 3 அடியில அடையாளம், மற்றப் பக்கம் 4 அடியில அடையாளம், ரெண்டு அடையாளத்துக்கும் குறுக்கால டேப்பைப் பிடிச்சா 5 அடி வரோணும், வராட்டி ஒரு நூலைத் தட்டித் தட்டி அசைச்சு வரப் பண்ணுவீங்கள். பெரிய வீடெண்டா 6, 8, 10. மகள் புத்தகத்தில படிக்கிற பைதகரசின் தேற்றத்தின்ர மறுதலை அதுதான் அண்ணை, வேற ஒண்டும் இல்லை. மூண்டின்ர வர்க்கம் 9, நாலின்ர வர்க்கம் 16, கூட்டினா 25, அது அஞ்சின்ர வர்க்கம். ரெண்டு பக்கத்தின்ர வர்க்கங்களைக் கூட்ட மூண்டாம் பக்கத்தின்ர வர்க்கம் வந்தா, அந்த மூண்டாம் பக்கத்துக்கு எதிரில இருக்கிற கோணம் செங்கோணம்.

லீவு நாளில அவளை வேலை நடக்கிற இடத்துக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ. டேப்பின்ர ஒரு நுனியை அவள் பிடிக்கட்டும். வேணுமெண்டு 10 அடிக்குப் பதிலா 10 அடி 2 இஞ்சி வரவிட்டுப்போட்டு அந்த நூலை நேரா நீட்டிக் கொண்டு போகச் சொல்லுங்கோ. மூலை 90 பாகைக்குப் பதிலா கிட்டத்தட்ட 92 பாகையாப் போயிருக்கும். ரெண்டு பாகைதானே எண்டு இருக்கும், ஆனா 30 அடிச் சுவரின்ர மற்ற முனைக்குப் போகேக்க சுவர் ஒரு அடி விலகி நிக்கும், கூரை மரம் ஏத்தேக்க என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதை நீங்கள் அவளுக்குச் சொல்லுங்கோ, உங்கட வாயால. இடம்பெயர்ந்து வந்த சனம் வன்னியில திரும்ப வீடு கட்டேக்க ஒவ்வொரு மூலையையும் நேராக்கினது உங்களை மாதிரி ஆக்களின்ர கையும் இந்தத் தேற்றமும்தான். நான் எட்டாம் வகுப்பு எண்டு அவளுக்கு முன்னால குறுகி நிக்க வேண்டாம் அண்ணை, அவள் இன்னும் எழுத்தில படிக்கிறதை நீங்கள் கையில செய்யிறீங்கள்.

கேள்வி: ரீச்சர், இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தித் தீர்க்கிறது விளங்குது. நிறைவர்க்கமாக்கிச் செய்யிறது மட்டும் பாடமாக்கித்தான் செய்யிறன், எக்ஸின்ர குணகத்தில அரைவாசியை ஏன் வர்க்கிச்சுக் கூட்டுறம் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. (மாணவி, புதுக்குடியிருப்பு)

பதில்: இப்பிடி "ஏன்" எண்டு கேக்கிற கடிதம் வந்தா எனக்கு அண்டைக்கு முழுக்கச் சந்தோசம். இதுக்கு விடை ஒரு படம் பிள்ளை, அதுவும் ஆயிரத்தி இருநூறு வருசம் பழைய படம். கி.பி. 820 அளவில பக்தாத்தில இருந்த அல்-குவாரிஸ்மி எண்ட அறிஞர் இதைக் கீறித்தான் விளங்கப்படுத்தினவர், அவற்ற நூலின்ர பேரில வந்த அல்-ஜப்ர் எண்ட சொல்லில இருந்துதான் அல்ஜிப்ரா எண்ட பேரே வந்தது, நாங்கள் அட்சரகணிதம் எண்டுறம். அவர் எடுத்த கணக்கு எக்ஸ்² + 10எக்ஸ் = 39.

இப்ப ஒரு வயல் எண்டு நினையும். நடுவில எக்ஸ் நீளம் எக்ஸ் அகலமா ஒரு சதுர வயல், அதின்ர பரப்பளவு எக்ஸ்². 10எக்ஸ் எண்டது என்ன? 10 அகலத்தில ஒரு பக்கம் ஒட்டின துண்டு. அதை ஒரே பக்கத்தில ஒட்டினா நீள்சதுரம் ஆயிடும், எங்களுக்கு வேண்டியது சதுரம். அதால அந்தத் துண்டை நடுவால பிரிச்சு, 5 அகலத்தில ஒண்டைக் கிழக்குப் பக்கம், 5 அகலத்தில மற்றதைத் தெற்குப் பக்கம் ஒட்டும். அரைவாசி எடுக்கிறம் எண்டது இதுதான், ரெண்டு பக்கத்துக்கும் சமனாப் பிரிக்கிறம். இப்ப கீறிப் பாத்தீரெண்டா தென்கிழக்கு மூலையில ஒரு சின்னச் சதுரம் காலியா இருக்கும், 5க்கு 5, பரப்பளவு 25. அந்த மூலையை நிரப்பினா முழு வயலும் ஒரு பெரிய சதுரம். அரைவாசியின்ர வர்க்கத்தைக் கூட்டுறது அந்த மூலையை நிரப்பத்தான். ஒரு பக்கம் 25 கூட்டினா மற்றப் பக்கமும் கூட்டோணும், 39 + 25 = 64. பெரிய சதுரத்தின்ர பக்கம் எக்ஸ் + 5, பரப்பளவு 64, அப்ப எக்ஸ் + 5 = 8, எக்ஸ் = 3.

வயலின்ர நீளம் எண்டபடியா அவர் 3ஓட நிண்டிட்டார், நீளம் மறையா வராதுதானே. நீர் நிக்கக்கூடாது, வர்க்கமூலம் எடுக்கேக்க ± போட்டு −8ஐயும் எழுதோணும், எக்ஸ் = −13 மற்ற விடை. போட்டுப் பாரும், 169 − 130 = 39, சரி வருது. அந்த ± விடுபட்டுப் போறதால புள்ளியை இழக்கிற பிள்ளையள் கனபேர்.

சோதனையில காரணி வராத கணக்குத்தான் இந்த முறைக்குத் தருவினம். எக்ஸ்² − 6எக்ஸ் + 4 = 0 எண்டு வந்தா, 4ஐ அங்கால அனுப்பி எக்ஸ்² − 6எக்ஸ் = −4, அரைவாசி −3, அதின்ர வர்க்கம் 9ஐ ரெண்டு பக்கமும் கூட்டினா (எக்ஸ் − 3)² = 5, எக்ஸ் = 3 ± √5. √5 = 2.24 எண்டு எடுத்தா 5.24, 0.76. இதைச் செய்து முடிச்சிட்டு கொப்பியை மூடிப்போட்டு, கணக்கைச் செய்யாமல் அந்த வயல் படத்தை மட்டும் கீறிப் பாரும். படம் வந்தா சூத்திரத்தைப் பாடமாக்கத் தேவையில்லை.

கேள்வி: தேற்றம் எல்லாம் பாடமாக்கி வச்சிருக்கிறன், நித்திரையில கேட்டாலும் சொல்லுவன். ஆனா கணக்கில எந்தத் தேற்றத்தை எங்க போடுறது எண்டு தெரியாமல் படத்தைப் பாத்துக்கொண்டே இருப்பன், நேரம் போயிடும். பேசாமல் கேத்திரகணிதத்தை விட்டிட்டு மற்றதைச் செய்யவோ? (மாணவன், மல்லாவி)

பதில்: விடவேண்டாம் தம்பி. ரெண்டாம் பேப்பரில தெரிவு இருக்கு எண்டு கேத்திரகணிதத்தை முழுசாத் தள்ளினா மிச்சக் கேள்வி எல்லாத்தையும் கட்டாயம் செய்யவேண்டி வரும், அதோட முதல் பேப்பரில கோணம் கேட்டா என்ன செய்யப் போறீர்.

தேற்றத்தைப் பாடமாக்கினது நல்லது. ஆனா தேற்றத்தைச் சொல்லிலயே வச்சிருக்கிறீர், படத்தில பாக்கப் பழகேல்லை. ஒவ்வொரு தேற்றத்துக்கும் ஒரு அடையாளம் இருக்கு, படத்தில அல்லது கேள்வியில. "நடுப்புள்ளி" எண்ட சொல் ரெண்டு தரம் வந்தா நடுப்புள்ளித் தேற்றம் கூப்பிடுது. "தொடலி" எண்டு வந்தா மையத்தையும் தொடுபுள்ளியையும் தொடுத்துப் பாரும், 90 பாகை வரும். விட்டம் எண்டு வந்தா அரைவட்டக் கோணம். சமாந்தரம் எண்டா ஒன்றுவிட்ட கோணம், ஒத்த கோணம், நேயக் கோணம், மூண்டையும் தேடும். வட்டத்தில நாலு புள்ளி இருந்தா வட்ட நாற்பக்கல், எதிர்க்கோணங்களைக் கூட்டிப் பாரும்.

ஒரு கணக்குச் செய்வம், எனக்குச் சரியான பிடிச்ச கணக்கு. அஆஇஈ எண்டு ஒரு நாற்பக்கல், ஒரு ஒழுங்கும் இல்லை, உங்கட பக்கத்து வயல் மாதிரி நாலு பக்கமும் நாலு நீளம். அஆ, ஆஇ, இஈ, ஈஅ எண்ட பக்கங்களின்ர நடுப்புள்ளிகள் முறையே க, ச, த, ப. கசதப ஒரு இணைகரம், அதாவது எதிர்ப்பக்கங்கள் சமாந்தரமான நாற்பக்கல், எண்டு நிறுவோணும். முதல்ல நம்பும், பிறகு நிறுவலாம்: கொப்பியில எவ்வளவு கோணலா நாற்பக்கல் கீறினாலும் அடிமட்டத்தால நடுப்புள்ளியை அளந்து தொடுத்துப் பாரும், உள்ளுக்க இணைகரம்தான் வரும். வரம்பில நாலு தடி நட்டுக் கயிறு பிடிச்சாலும் வரும். நான் முதல்தரம் கீறிப் பாக்கேக்க எனக்கு நம்பவே ஏலாமல் இருந்தது.

இப்ப நீர் நிக்கிற இடம் இதுதான், படத்தைப் பாத்தா நாற்பக்கல், உம்மட தேற்றமோ முக்கோணிக்கு. அப்ப முக்கோணியை நீர்தான் உண்டாக்கோணும். அ, இ ரெண்டையும் தொடுத்து ஒரு மூலைவிட்டம் கீறும். பேப்பரில இதை "அமைப்பு: அஇ ஐத் தொடுத்தல்" எண்டு கட்டாயம் எழுதோணும். இப்ப முக்கோணி அஆஇ இல க உம் ச உம் ரெண்டு பக்கத்தின்ர நடுப்புள்ளிகள், அப்ப கச, அஇக்குச் சமாந்தரம், நீளத்தில அதின்ர அரைவாசி. காரணம் அடைப்புக்குள்ள: நடுப்புள்ளித் தேற்றம். அடுத்த பக்கம் முக்கோணி அஈஇ, அதில ப உம் த உம் நடுப்புள்ளிகள், அதே காரணத்தால பத உம் அஇக்குச் சமாந்தரம், அரைவாசி. ரெண்டும் ஒரே கோட்டுக்குச் சமாந்தரம், ரெண்டும் ஒரே கோட்டின்ர அரைவாசி, அப்ப கச உம் பத உம் தங்களுக்குள்ள சமன், சமாந்தரம். ஒரு சோடி எதிர்ப்பக்கம் சமனாயும் சமாந்தரமாயும் இருந்தா நாற்பக்கல் இணைகரம். முடிஞ்சுது.

ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதினமே, அதுக்குத்தான் புள்ளி தம்பி. கன பிள்ளையள் சரியான வரியை எழுதிப்போட்டு காரணத்தை விட்டிடுவினம், "பாத்தாத் தெரியுதுதானே" எண்டு. திருத்திறவருக்குப் படத்தில தெரியிறதுக்குப் புள்ளி போட ஏலாது. தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல் எண்டு நாலு தலைப்பையும் முதல்ல எழுதிப்போட்டு தரவையும் நிறுவ வேண்டியதையும் நிரப்பும், நேரம் போறது குறையும், ஏனெண்டா எழுதேக்கயே எந்தச் சொல் ரெண்டு தரம் வருது எண்டு கண்ணில படும். ரெண்டாம் பேப்பருக்கு முன்னால மேலதிகமாத் தாற 10 நிமிச வாசிப்பு நேரத்தில பேனை தொடாமல் இந்தச் சொற்களைத்தான் தேடோணும்.

இப்ப இந்தப் பக்கத்தை மூடிப்போட்டு மேல செய்த நிறுவலை ஒருக்கா நீரே எழுதும், ஒண்டும் பாக்காமல் வந்தா அடுத்தது இது, மல்லாவித் தம்பிக்கு மட்டுமில்லை எல்லாருக்கும்: அதே படத்தில கசதப இன்ர பரப்பளவு அஆஇஈ இன்ர பரப்பளவில சரியா அரைவாசி எண்டு நிறுவுங்கோ, நாற்பக்கலில உள்வளைஞ்ச மூலை ஒண்டும் இல்லை எண்டு எடுங்கோ. நாலு மூலையிலயும் மிஞ்சிற சின்ன முக்கோணிகளைப் பாருங்கோ, அகப முக்கோணி அஆஈ முக்கோணியில எத்தினையில ஒரு பங்கு எண்டதில இருந்து தொடங்கலாம். காரணங்களோட எழுதி அனுப்புங்கோ, நிண்டுபோனா நிண்ட வரி வரைக்கும் எழுதி அனுப்புங்கோ, அடுத்த இதழில அந்த வரியில இருந்து தொடருறன்.